நிக்லாஸ் நின்ற இடங்கள்

எங்கள் டோரிங்குளூஃப் திராட்சைப் பண்ணையில் டிராக்டர் கொட்டகையிலிருந்து ஏழாம் தோட்டம் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். நடந்து போனால் கால் மணி நேரம். என் அக்காள் வீட்டுக்காரர் நிக்லாஸ் அபோலிஸ் டிராக்டரில் போனால் ஒரு மணி நேரம். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்வதாக நினைக்க வேண்டாம். பின்னால் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொன்னது.

அவர் சோம்பேறி இல்லை. விடிந்ததும் கொட்டகையில் முதலில் உறுமுவது அவருடைய டிராக்டர்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு கம்பத்தைத்தான் இடித்துச் சாய்த்திருக்கிறார். அதுவும் கம்பம் உளுத்துப் போயிருந்தது என்று இன்றைக்கும் சாதிப்பார். அவருடைய கை சுத்தம், கண் சுத்தம். சனியன் பிடித்தது அந்த வாயைத்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தரைக் கடந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட முடியாது. நிற்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும். எல்லாரும் என்றால் ஒவ்வொருத்தராக. அம்மாவின் கால்வீக்கம், மகனின் பள்ளிக்கூடம், கேப்டவுனில் வேலை பார்க்கும் தங்கச்சி, போன வாரம் வண்டியில் அடிபட்ட நாய். கேட்டு முடித்ததும் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் நாங்கள் எல்லாரும் இதைச் சுருக்கிக்கொள்வோம். நிக்லாஸ் மச்சான் மட்டும் சுருக்க மாட்டார். நாயின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லிக் கேட்பார்.

அதிலும் அவருக்கு ஒரு பழக்கம். நாம் கொடி வரிசைக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தால், நடுவில் இலை மறைக்கும் இல்லையா? இருக்கையில் இருந்தபடியே சாய்ந்து, இரண்டு கையாலும் இலையை விலக்கி, நம் முகத்தைத் தேடுவார். "மூஞ்சியப் பாக்காம பேசறதுக்கு வீட்லயே படுத்துக்கிட்டு போன்ல பேசலாமே, ஸ்டீனா" என்பார் என்னிடம். நாமும் இந்தப் பக்கத்திலிருந்து இலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இரண்டு பேரும் திராட்சைக் கொத்துகளுக்கு நடுவே முகத்தை நீட்டிக்கொண்டு குசலம் விசாரிப்பதை யாராவது வெளியூர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிப் போய்விட்டது.

அந்த இருக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்பு இருக்கை. அதன் மேல் ஒரு நீல மெத்தை. என் அக்காள் மக்ரீட்டா தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன பழைய கோட்டைக் கிழித்துத் தைத்தது, இன்னும் ஒரு பித்தான் ஓரத்தில் தொங்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அறுவடை டிரெய்லர் ஒன்று மச்சானின் இடது முழங்காலை நசுக்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கால் மடங்குவதில்லை. தரையில் பத்துக் கொடி தூரம் நடந்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மெத்தையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா.

போன நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து லின்டெல்வா க்வேஷா என்று ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, கொடிக்கு டாக்டர். சின்ன வயசு, பெரிய தொப்பி. மண்ணில் ஈரம் எவ்வளவு என்று சொல்லும் கம்பிகளை அங்கங்கே புதைத்தார். மேலே ட்ரோன் பறக்கவிட்டார். ஆறு முன்போல ஓடுவதில்லை, அணையும் நிரம்புவதில்லை. அதனால் எந்தத் தோட்டத்தில் எத்தனை கொத்து இருக்கிறதோ அதற்குத் தக்கபடி தண்ணீர் விட வேண்டும், ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அவருடைய ஆராய்ச்சி. நல்ல விஷயம்தான், வறட்சி வந்த வருஷத்தை நாங்கள் மறந்துவிடவில்லை.

அதற்கு முதலில் கொத்தை எண்ண வேண்டும். வருஷா வருஷம் அதை எண்ணுவது என் அக்காள். தோட்டத்துக்கு இருபது கொடி. ஒவ்வொரு கொடியாக இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எண்ணி, பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்வாள். தாளில் எழுதினால் காற்று கொண்டுபோய்விடும் என்பாள். டிசம்பர் மாதம் முழுக்க அவள் இடது கை முழுக்க எண்ணாகத்தான் இருக்கும். பண்ணை முதலாளி ரீகஸ் லாத்தகானுக்கு அது பிடிக்கவில்லை. புதுசாக எது வந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். "இருபது கொடிய எண்ணி எண்பதாயிரம் கொடிக்கு ஜோசியம் சொல்றதா?" என்று கேட்டார். அக்காள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

கொத்தைப் படம் பிடித்து எண்ணுகிற இரண்டு கேமராவை டாக்டரம்மா கொண்டுவந்தார். ஒன்றை மச்சானின் டிராக்டர் பக்கவாட்டில் பூட்டினார். இன்னொன்று, லாரியில் வந்து இறங்கிய ஒரு புது வண்டியில் இருந்தது. பேட்டரியில் ஓடுவது, ஆள் வேண்டாம், தானே வரிசை பார்த்து ஓடும். அதற்கு இருக்கையே இல்லை. நாங்கள் பார்த்த உடனே அதற்கு மொட்டை என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதலாளி கொட்டகையில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாதித் தோட்டத்த நிக்லாஸ் எண்ணட்டும், பாதிய மெஷின் எண்ணட்டும். மூணு வாரம். எது சரியா எண்ணுதோ அதுக்குத்தான் அடுத்த சீசன்லேர்ந்து எல்லா வேலையும். மருந்தடிக்கறது, புல்லறுக்கறது, எல்லாம்."

டாக்டரம்மா மச்சானிடம் போய்ப் பொறுமையாகச் சொன்னார்.

"நிக்லாஸ் மாமா, ஒரே வேகத்துல போகணும். மணிக்கு அஞ்சு கிலோமீட்டர். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

"நான் எதுக்கும்மா நிக்கப் போறேன்?" என்றார் மச்சான்.

கொட்டகையில் இருந்த பதினாலு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "சீட்டு போச்சுன்னா நான் உன் கூட்டத்துலதான் வந்து கத்தரி புடிக்கணும், ஸ்டீனா."

நான் கொடி நறுக்கும் கவாத்துக் கூட்டத்துக்குத் தலைவி. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "வாங்க மச்சான், வாங்க. எங்க கூட்டத்துல பேசினா பேரெழுதி வெப்பேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு கத்தரியோடு வரிசை வரிசையாக அவரால் நடக்க முடியாது, வீட்டில்தான் உட்கார வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் நாக்கில் சூடு வைத்தால் தேவலை என்று இருந்தது.

முதல் நாள் காலையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஏழாம் தோட்டத்தில் நாங்கள் அதிகப்படி இலை கிள்ளிக்கொண்டிருந்தோம். டிராக்டர் வந்தது. நிற்கவில்லை. மச்சான் நேராகப் பார்த்தபடி கையை மட்டும் ஒரு சாண் தூக்கினார், போய்விட்டார். என் கூட்டத்தில் எட்டுப் பெண்களும் வேலையை விட்டுவிட்டார்கள்.

"ஸ்டீனாக்கா, உங்க மச்சானுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பேதி மாத்திர போட்டிருப்பாரு. அதான் அவசரம்."

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், அவர் அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது கத்தினேன். "என்ன மச்சான், பெரிய மனுசனாயிட்டீங்க போல. எங்களையெல்லாம் கண்ணு தெரியல."

இது பகிடி. பதினெட்டு வருஷமாக நானும் அவரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அன்றைக்கு அது அவருக்கு உறைத்துவிட்டது. வரிசைக் கடைசி வரைக்கும் போன டிராக்டர் நின்றது. பிறகு பின்பக்கமாகவே ஊர்ந்து ஊர்ந்து எங்களிடம் வந்தது. நிற்காமல் போனதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இலையை விலக்கி, முகத்தைப் பார்த்து, நான் கர்வம் பிடித்துப் போகவில்லை, டாக்டரம்மா நிற்காதே என்று சொல்லியிருக்கிறார் என்று விளக்கிச் சொல்லி, அப்புறம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு இடத்தில் நின்றுவிட்டு இன்னொரு இடத்தில் நிற்காமல் போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் மதியத்துக்குள் பண்ணை முழுக்க மன்னிப்புக் கேட்டு முடித்தார். மறுநாளிலிருந்து பழையபடி ஆகிவிட்டது. பகல் சாப்பாட்டுக்குப் பம்பு வீட்டுக்குப் பக்கத்தில் ஃபிரான்சினா ஆன்ட்டியின் வேலியோரம் டிராக்டர் நிற்கும். ஆன்ட்டி வெட்கூக் என்கிற மாவுப் பணியாரம் பொரித்து ஜன்னல் வழியாக விற்பார். எழுபத்திரண்டு வயசு, சர்க்கரை வேறு. பொறாமைப்படுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று என் அக்காளே சொல்வாள்.

மூன்று வாரம் முடிந்தது. கேமராவில் இருந்ததையெல்லாம் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஏற்றினார். மொட்டை எண்ணிய தோட்டங்களில் கொடிக்கு இருபத்தாறு கொத்து, எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே. மச்சான் எண்ணிய தோட்டங்களில் பெரும்பாலான கொடிகளுக்கு அதே இருபத்தாறு, இருபத்தேழு. ஆனால் நடு நடுவே சில கொடிகள் மட்டும் தலைகால் தெரியாமல் காய்த்திருந்தன. ஏழாம் தோட்டத்தில் ஒரே கொடியில் முந்நூற்று நாற்பத்துநாலு கொத்து. பம்பு வீட்டுப் பக்கம் ஒன்றில் அறுநூறைத் தாண்டியது.

முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கொடிகளுக்கெல்லாம் மஞ்சள் ரிப்பன் கட்டச் சொன்னார். அவற்றிலிருந்து குச்சி வெட்டி நாற்றுப் போட்டால் பத்து வருஷத்தில் உலகத்துக்கே தன் பண்ணைக் கொடிதான் என்று ஆரம்பித்துவிட்டார். ரிப்பன் கட்டப் போனது என் கூட்டம்தான். முந்நூற்று நாற்பத்துநாலு கொத்துக் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்ற கொடி போலத்தான் இருந்தது. அந்தக் கொடியின் இலையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு மச்சானிடம் குசலம் பேசி நின்றவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பண்ணையின் படத்தைப் போட்டுக் காட்டினார் டாக்டரம்மா. அங்கங்கே சிவப்புப் புள்ளி, சில சின்னது, சில கொழுத்தது. அவர் முகத்தைப் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"இது அதிசயக் கொடி இல்ல," என்றார். "வண்டி நின்ன இடம். ஒரே கொத்த கேமரா திரும்பத் திரும்ப எண்ணியிருக்கு. இங்க ஒரு கொத்த மட்டும் நூத்திப் பத்து தடவ எண்ணியிருக்கு, பாருங்க." படத்தைப் பெரிதாக்கினார். அது கொத்தில்லை. என்னுடைய பச்சைத் தலைத்துணி.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்குப் புள்ளியை அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். இது நம்ம வாய்க்கால் மடை, அன்றைக்கு என் மகன் பரிட்சையைப் பற்றிப் பேசினோம். அது உரக் கிடங்கு. அந்தக் கொழுத்தது ஃபிரான்சினா ஆன்ட்டி வேலி, வெட்கூக் புள்ளி. மச்சானும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"மொத்தம் நாப்பத்தொரு மணி நேரம் நின்னிருக்கு," என்றார் டாக்டரம்மா. குரல் தணிந்துவிட்டது. சொல்ல அவருக்கே மனசில்லை.

"மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டார் முதலாளி.

"நிக்கல."

முதலாளி மச்சானைப் பார்க்காமலேயே பேசினார். "சரி. பொறவு என்ன இருக்கு? அறுவடை முடிஞ்சதும் மெஷினே வேல பாக்கட்டும். நிக்லாஸுக்கு வேற ஏதாச்சும் பாப்போம்." வேறு ஏதாவது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போது பின்னால் இருந்து என் அக்காள் எழுந்து வந்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, எங்க வீடு இதுல எங்க இருக்கு?"

நாலாம் தோட்டத்தின் ஓரத்தில், கடைசி வரிசைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடுகள். டாக்டரம்மா தொட்டுக் காட்டினார்.

"இந்த வழியாத்தான தெனம் மத்தியானம் ஆன்ட்டி கடைக்குப் போறாரு?"

"ஆமா. போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ."

"எத்தன தடவ நின்னிருக்கு?"

டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார், பிறகு மறுபடி திரையைப் பார்த்தார். "இங்க நிக்கல, மக்ரீட்டா ஆன்ட்டி."

"மத்தியானம் நான் சோறு பொங்க வீட்டுக்கு வருவேன். வாசல்லதான் நிப்பேன்," என்றாள் அக்காள். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, விலை விசாரிக்கிற மாதிரிச் சொன்னாள். "பண்ணை பூரா செவப்பு. என் வாசல் மட்டும் வெள்ளையா இருக்கு." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்த வீட்டில் இருக்கிற எனக்கு ஒரு பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது, கொஞ்சம் பலமாகவே.

திங்கட்கிழமை வேலை நேரத்தில் அக்காளைக் காணவில்லை. தேடிப் போனால் ஏழாம் தோட்டத்தில், மஞ்சள் ரிப்பன் கட்டிய கொடிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா பண்ற?"

"என்னைப் பாக்க நேரமில்லாம இந்தக் கொடியில அப்படி என்னத்தப் பாத்தாருன்னு பாக்கறேன்."

"அவரு கொடியைப் பாக்கல, என்னைத்தான் பாத்தாரு."

"உன்னையும் ஒரு கொத்துன்னு எழுதிக்கவா?"

இலையைத் தூக்கித் தூக்கி எண்ணினாள். ஒரு ரிப்பன் விடாமல் எல்லாக் கொடியையும் எண்ணினாள். இடது கை நிரம்பிவிட்டது. இடது கையால் எழுதத் தெரியாததால் வலது கையில் என்னை எழுதச் சொன்னாள். கோபத்தில் இருக்கும்போது அவள் எண்ணிக்கை இன்னும் சுத்தமாக இருக்கும். சாயங்காலம் இரண்டு கையையும் நீட்டியபடி டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள், நானும் கூடப் போனேன்.

"உங்க மெஷின் முந்நூத்தி நாப்பத்திநாலுன்னு சொன்ன கொடியில நாப்பத்திமூணுதான் இருக்கு. எழுதிக்கோங்க."

"தெரியும் ஆன்ட்டி. திரும்பத் திரும்ப எண்ணினத நானும் நேத்து கழிச்சேன்..." என்று சொல்லிக்கொண்டே திரையைத் திருப்பிய டாக்டரம்மா பாதியில் நிறுத்திவிட்டார். திரையிலும் நாற்பத்துமூன்று இருந்தது.

அடுத்த கொடி. அக்காள் கையில் முப்பத்தொன்பது, திரையில் முப்பத்தொன்பது. அதற்கடுத்தது நாற்பத்தைந்து, நாற்பத்துநாலு. டாக்டரம்மா எழுந்து வந்து அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ரிப்பன் கட்டிய கொடிகளில் மட்டும் கேமராவும் அக்காளும் ஏறக்குறைய ஒன்றாகச் சொன்னார்கள். மற்ற கொடிகளில், மொட்டை ஓடிய தோட்டம் பூராவும்கூட, கேமராவுக்கு இருபத்தாறுதான் தெரிந்திருந்தது.

"அங்கயும் நாப்பதுக்கு மேலதான் இருக்கு," என்றாள் அக்காள். "நான் டிசம்பர்லயே எழுதிக் குடுத்தேன். யாரு படிச்சா?"

"அப்ப இந்தக் கொடியில மட்டும் எப்படி எல்லாம் தெரிஞ்சுது?" என்று டாக்டரம்மா தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு படத்தில் நின்றார். இரண்டு பெரிய கறுத்த கைகள் இலையை விலக்கிப் பிடித்திருந்தன. அந்தப் பக்கம் என் முகம், பல்லைக் காட்டிக்கொண்டு. எங்கள் இருவருக்கும் நடுவே, இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கொத்தெல்லாம் வெட்ட வெளிச்சமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மொட்டை எவ்வளவு நேராக ஓடினாலும் இலைக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. அதன் கணக்கை நம்பி இருபத்தாறு கொத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தால், நாற்பத்துமூன்றும் சூம்பிப் போயிருக்கும். அவருடைய மூன்று வருஷ ஆராய்ச்சியில் இந்த ஒரு இடம்தான் இடித்துக்கொண்டிருந்ததாம். எங்கெங்கே எத்தனை மறைந்திருக்கிறது என்று பண்ணை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும். அதற்கு வண்டி நிற்க வேண்டும், இலையை விலக்க ஒரு ஆள் அதில் இருக்க வேண்டும்.

"மெஷினுக்கு ஒரு கை வெச்சுட முடியாதா?" என்று மறுநாள் முதலாளி கேட்டாராம். அவர் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"வெக்கலாம். நாலு வருஷம் ஆகும். நிக்லாஸ் மாமாவுக்கு இப்பவே ரெண்டு கை இருக்கு," என்றாராம் டாக்டரம்மா.

மச்சானுக்கு இருக்கை தங்கியது. விஷயத்தைச் சொன்னபோது அவர் டிராக்டரில் ஏறி, நீல மெத்தையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "மாமா, நிக்கற இடத்த நீங்க தேடக் கூடாது. கம்ப்யூட்டர் சொல்லும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு இடம், ஒரு இடத்துக்குப் பத்து நிமிஷம்" என்று பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார். ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றால் ஆராய்ச்சி கெட்டுப்போகுமாம். கம்ப்யூட்டருக்கு எங்கள் சௌக்கியத்தில் என்ன அக்கறை? அது குறித்துக் கொடுத்த பன்னிரண்டும் ஆளரவமே இல்லாத இடங்கள்.

ஜனவரி வெயிலில் ஒன்பதாம் தோட்டத்து நடுவே டிராக்டர் தனியாக நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்போம். மச்சான் சாய்ந்து இலையை விலக்குவார். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் தண்ணீர்க் குழாய் பார்க்கிற சாக்கில் பக்கத்து வரிசை வரைக்கும் போனேன். கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தார். "உனக்கென்னப்பா, காலு வலியா, கையி வலியா" என்று அதனிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். என் கூட்டத்துக்குச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

பட்டியல் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம், எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் தோட்டத்துக் கடைசி வரிசையில் டிராக்டர் வந்தது. அக்காள் வாசலில் நின்றிருந்தாள். டிராக்டர் நின்றது. எஞ்சினையே அணைத்துவிட்டார். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

இலை விலகியது. மச்சானின் முகம் தெரிந்தது. ஊரெல்லாம் நின்று பேசுகிறவருக்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரருதான் நின்னு பேச மாட்டாரு. மத்தபடி சௌக்கியம்."

"அவரு கெடக்காரு, மடையன்," என்றார் மச்சான்.

அக்காள் வாசலிலிருந்து இறங்கி வேலியோரம் போனாள். இந்தப் பக்கத்திலிருந்து அவளும் இலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒட்டுக்கேட்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை, துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு ஃபிரான்சினா ஆன்ட்டி கடையில் ஒரு வெட்கூக் மிச்சம் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டேன்.

பிப்ரவரியில் அறுவடை முடிந்தது. எடை போட்டுப் பார்த்தால் டாக்டரம்மா சொன்ன கணக்கில் நூற்றுக்கு மூன்றுகூட வித்தியாசம் இல்லை. அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், என்னையும் அக்காளையும் கூப்பிட்டுக் கடைசிப் படத்தைக் காட்டினார். பண்ணை முழுக்க வெளிறின சின்னப் புள்ளிகள், எல்லாம் பத்து நிமிஷம், எல்லாம் ஒரே அளவு. நாலாம் தோட்டத்து ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு கொழுத்த சிவப்புப் புள்ளி.

"இது பட்டியல்ல இல்லாத இடம்," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "ஆராய்ச்சிக் கணக்குலேர்ந்து இத எடுத்துடுவேன். படத்துலேர்ந்து எடுக்கணுமான்னுதான் உங்ககிட்ட கேக்கறேன், மக்ரீட்டா ஆன்ட்டி."

அக்காள் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எத்தன நாளுன்னு சொல்லுது?"

"இருபத்திமூணு."

அக்காள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். எண்ணும் காலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவள் முன்கையில் பேனாக் கோடுகள் இருந்தன. ஐந்து ஐந்தாகக் கட்டி, குளித்து அழிந்ததன் மேல் திரும்பத் திரும்ப எழுதின கோடுகள். விரலை வைத்து மெதுவாக எண்ணினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"இருபத்திநாலு," என்றாள். "ஒரு நாளு உங்க கேமராவுல பேட்டரி தீந்து போயிருந்துச்சு. அன்னிக்கும் அந்த மனுசன் நின்னாரு."

டாக்டரம்மா இருபத்துமூன்றை அடித்துவிட்டு இருபத்துநாலு என்று எழுதிக்கொண்டார்.